ஓடாத மாதிரி எடுத்த படம்

துருவா? ஏனுங்க, துருன்னா சொன்னீங்க?

நல்லாப் பாருங்க. கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பாருங்க. அடுத்தவன் போனை எட்டிப் பாத்ததை நான் தப்புன்னு சொல்லலீங்க, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தா கண்ணு போகத்தான் செய்யும். ஆனா பாத்த ஒடனே "அடப்பாவமே, மெஷின் இப்படித் துருப்புடிச்சுக் கெடக்குதே"ன்னீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆவறதில்லை. அஞ்சு மாசமா இந்த ஒத்தை வார்த்தையைக் கேட்டுக் கேட்டு என்ற காதே புளிச்சுப்போச்சு.

அதுக்குப் பேரு டோனுங்க. கலர் டோன். இன்னிக்குப் பொழுதோட திருச்சியில இதே படத்துக்குத்தான் பரிசு குடுக்கறாங்க. மொதப் பரிசு. அதை வாங்கத்தான் சிங்காநல்லூர்ல இந்த பஸ்ஸைப் புடிச்சேன். வெளுத்த சட்டை போட்டிருக்கேன் பாருங்க, சும்மாங்காட்டியுமா போட்டிருக்கேன்? நாலு மாநிலத்துல இருந்து படம் வந்துச்சாம். அதுல என்ற படம் மொதல்ல. ஆனா என்ற தங்கச்சி வூட்டுல போய்க் கேட்டுப் பாருங்க, சம்பத்துன்னு ஒரு ஆளே இல்லைம்பாங்க.

சம்பத்துங்கறது நான்தானுங்க. நூறடி ரோட்டுல ஸ்டுடியோ. கல்யாண ஆல்பந்தான் சோறு போடுது. இருபது வருசமா ஊர்ல இருக்கற பொண்ணுங்களையெல்லாம் செவப்பாக்கி உட்டிருக்கேன். மூக்குல இருக்கற மருவை எடுங்கம்பாங்க, எடுக்கறேன். மாப்பிள்ளைக்கு முன்மண்டையில சித்தெ முடி வையுங்கம்பாங்க, வெக்கறேன். ஆனா என்ற உசுரு அதுல இல்லீங்க. பழைய மெஷினுதான். மூடின மில்லு, பாய்லரு, பல்லுப் போன கியரு. வாட்ச்மேனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்து உள்ள பூந்து எடுத்துட்டு வந்திருவேன். எடுக்கறது பெருசில்லை. அதைக் கம்ப்யூட்டர்ல உக்காத்தி வெச்சு வேலை பாக்கறது இருக்குது பாருங்க, அதுதான் கலை.

எச்.டி.ஆர்.னு பேரு. கேள்விப்பட்டிருக்கீங்களா? பரவால்ல, சொல்றேன். ஸ்டேண்டை ஊனி, அலுங்காம, ஒரே படத்தை அஞ்சு தடவை எடுக்கறது. ஒண்ணு கன்னங்கரேல்னு இருக்கும், ஒண்ணு வெள்ளை வெளேர்னு இருக்கும், மத்த மூணும் நடுவுல. அஞ்சையும் ஒண்ணாக்கினா ஜன்னல் வெளிச்சமும் தெரியும், மெஷினுக்கு அடியில இருக்கற இருட்டும் தெரியும். ஒரே ஒரு கண்டிசன். படத்துல எதுவும் அசையக்கூடாது. அசைஞ்சா அஞ்சு படத்துலயும் அஞ்சு எடத்துல இருக்கும், ஒண்ணாக்கறப்பப் பேயாட்டம் நிக்கும். எங்க லைன்லயே அதுக்குப் பேயின்னுதான் பேரு. இதை மனசுல வெச்சுக்குங்க. எல்லாரும் என்னையப் போட்டு மொத்தறது இதுக்குத்தான்.

என்ற தங்கச்சி கோகிலா. அவ புருசன் மயில்சாமி, கணபதியில பட்டறை வெச்சிருக்கான். மாப்பிள்ளைங்கறதால அவருன்னுதான் சொல்லோணும். இப்ப வர மாட்டேங்குதுங்க, மன்னிச்சுக்குங்க. நாலு பேரு வேலை செய்யற பட்டறை. அதுல பெரிய மெஷின் ஒண்ணு, பிளேனருன்னு சொல்லுவாங்க, பன்னெண்டடி டேபிள். தச்சன் இழைப்புளி போடறான் பாருங்க, அந்த மாதிரி இரும்பைச் சீவறது. இதுல உளி நின்ன எடத்துல நிக்கும், இரும்பை ஏத்தின டேபிளு முன்னையும் பின்னையும் போயிட்டு வரும். அவங்கப்பன் காலத்துல வாங்கிப் போட்டது. அத்தனை பெரிய டேபிள் இப்ப ஊருக்குள்ள யாருகிட்டயும் இல்லையாம். அவன்ற பெருமை பூராவும் அதுதான். ஆனா பெருமையை வெச்சு என்ன பண்றது, மெஷினுக்கு வேலை வரோணுமில்ல? ரெண்டு வருசமா வாரத்துல மூணு நாள்தான் ஓடுச்சு.

அப்பத்தான் பூனாக் கம்பெனி ஒண்ணு கேட்டுச்சு. சர்க்கரை ஆலை மெஷினுக்கு அடியில போடற பெரிய பெரிய இரும்புப் பீடமெல்லாம் சீவிக் குடுக்கோணும், ரெண்டு வருசத்துக்கு வேலை, மொதல்ல பட்டறையைப் படம் எடுத்து அனுப்புங்க, புடிச்சா நேர்ல வர்றோம்னாங்க. தேஷ்பாண்டேன்னு ஒரு ஆபீசரு. மயில்சாமி நேரா எங்கிட்ட வந்தான். "மச்சான், நீங்க இருக்கறப்ப நான் எதுக்கு வெளிய போகோணும்? இது வந்துருச்சுன்னா பட்டறை பொழைச்சுக்கும். இல்லீன்னா பிளேனரை எடைக்குத்தான் போடோணும்"னான். எனக்கு அப்படியே மனசு குளுந்துபோச்சுங்க. கல்யாணமாகிப் பதினாலு வருசத்துல அவன் எங்கிட்ட ஒண்ணுன்னு கேட்டது அதுதான் மொதத் தடவை. பத்து நிமிசத்துல போன்ல எடுக்கற வேலை அது. ஆனா என்ற தங்கச்சி வாழ்க்கை, அப்படியா உட்டுருவேன்? இருக்கற வித்தையெல்லாம் எறக்கறதுன்னு முடிவு பண்ணினேன்.

ஆயுத பூசை அன்னிக்குப் போனேன். பட்டறைக்காரனுக்கு அதுதானுங்களே பெரிய நோம்பி. மின்ன நாளே நஞ்சப்பன், அந்த பிளேனர்ல இருபத்தெட்டு வருசமா நிக்கற ஆளு, டீசலை ஊத்தி மெஷினைக் கழுவி, வேஸ்ட்டுத் துணியில தேய் தேய்னு தேய்ச்சு, எண்ணெய் பூசி, கண்ணாடியாட்டம் வெச்சிருந்தாரு. பொறவு சந்தனத்தைக் கொழைச்சு விரல்ல பட்டை பட்டையா இழுத்து, மேல குங்குமம். மால. வாழைக்கண்ணு. வருசத்துலயே மெஷின் சுத்தமா இருக்கற நாளுன்னா அதுதான்.

மயில்சாமி சொன்னான், "மச்சான், டேபிள் ஓடற மாதிரி எடுங்க. நஞ்சப்பனும் பக்கத்துல நிக்கட்டும். மெஷின் ஓடுது, ஆளு இருக்குதுன்னு தெரியோணும், அவ்ளோதான்."

எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. "மாப்ளே, நீங்க இரும்பு சீவறதுல நான் வந்து நாயஞ் சொல்றனா?"ன்னு கேட்டேன். ஓடற மெஷினை எப்படிங்க அஞ்சு படம் எடுக்கறது? அதான் சொன்னேனே, அசைஞ்சா பேயி. மெஷினை நிறுத்தச் சொன்னேன். மால, வாழைக்கண்ணெல்லாம் காத்துல ஆடுச்சு, எடுத்துக் கடாசச் சொன்னேன். லைட்டை அணைக்கச் சொன்னேன், ஜன்னல் வெளிச்சந்தான் வேணும். நஞ்சப்பனைத் தள்ளிப் போங்கன்னேன். அந்த மனுசனா போவாரு? மெஷினை உட்டு ரெண்டடி நகந்தாப் போதும், கை பரபரங்குது. சாவியைத் தொடறாரு, துணியில ஒருக்காத் தொடைக்கறாரு. கடைசியில கம்ப்யூட்டர்ல போட்டா, மூணு படத்துல நிக்கறாரு, ரெண்டு படத்துல இல்லை. சாப்டுவேரு பேயின்னு நெனைச்சு ஆளை எடுத்துருச்சு. கை மட்டும் நெம்புகோல்ல ஒட்டிக்கிட்டு நின்னுது. அந்தக் கையை நானே ஒக்காந்து அரை மணி நேரம் அழிச்சேன். அடையாளமே தெரியாது. எங்க நின்னாருன்னு நீங்க கண்டுபுடிங்க பாக்கலாம்!

மூணு நாள். ரெண்டு கல்யாண ஆல்பத்தை ஓரங்கட்டி வெச்சுட்டு மூணு நாள் வேலை பாத்தேன். இருட்டை இழுத்து மேல கொண்டாந்தேன். தரையில சிந்தின எண்ணெயெல்லாம் தண்ணி தேங்கினாப்புல வந்துச்சு. சுவத்துல இருந்த வெடிப்பு அத்தனையும் எந்திரிச்சு வந்துச்சு. ஓட்டைத் தகரத்து வழியா வந்த வெளிச்சத்தைக் கத்தியாட்டம் எறக்கினேன். இரும்பைச் சித்தெ நீலப்பச்சைக்குத் தள்ளிப்போட்டு, ஆரஞ்சை ஏத்தினேன் பாருங்க... சும்மா பொளந்துச்சுங்க! மெஷின் ஒடம்பு பூரா பட்டை பட்டையா ஆரஞ்சு எறங்குது. எனக்கே மேலு சிலுத்துப்போச்சு. இப்ப நீங்க துருன்னு சொன்னது அதைத்தான்.

மயில்சாமி, "அனுப்பறதுக்கு மின்னாடி ஒருக்காக் காட்டுங்க மச்சான்"னு கேட்டது வாஸ்தவம். உங்க அஞ்சு இஞ்சு போன்ல பாத்தா இதோட அருமை தெரியாதுன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு? அவனுக்கு மெயிலு கியிலும் வராது. பதினொரு படம், நானே அனுப்பிப்போட்டேன். என்ற நம்பரையும் போட்டு.

நாலு நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு. "படங்கள் மிக மிக அழகு. ஆனால் எங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும் பட்டறைதான் வேண்டும். மூடிப்போன பட்டறையைத் திறந்து நடத்தும் வரை காத்திருக்க முடியாது. வாழ்த்துகள்." அவ்ளோதான்.

அழகுக்கு மின்னாடி மிகன்னு ரெண்டு தடவை போட்டிருக்கான் பாருங்க. அதை எவனாச்சும் கணக்குல எடுத்தானா?

மயில்சாமி ஸ்டுடியோவுக்கு வந்தான். ரெண்டு கஸ்டமரு உக்காந்திருக்காங்க. "அந்தப் படத்தைக் காட்டுங்க மச்சான்"னான். பெரிய ஸ்க்ரீன்ல போட்டேன். இப்பவாச்சும் தெரியட்டும்னுதான் போட்டேன். ரொம்ப நேரம் பாத்தான். கிட்டப் போனான். அந்த ஆரஞ்சுப் பட்டை மேல விரலை வெச்சான். "மச்சான், இது சந்தனம். நஞ்சப்பன் இழுத்த சந்தனம்"னான். அப்புறம், "நஞ்சப்பன் எங்க?"ன்னு கேட்டான். அசைஞ்சாரு, எடுத்துட்டேன்னேன்.

கத்தினா நானும் கத்தியிருப்பேனுங்க. சட்டையைப் புடிச்சிருந்தாக்கூட நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவன் கத்தலை. கதவுகிட்டப் போய் நின்னுட்டு, அந்தக் கஸ்டமருங்க மின்னாடி, மெதுவாச் சொல்றான்: "இனி நீங்க பொண்ணு மாப்பிள்ளையே எடுங்க மச்சான்."

என்னையப் பாத்து! இருபது வருசம் இந்தக் கண்ணைப் போட்டு நொந்தவனைப் பாத்து! ஒரு காசு வாங்காம மூணு நாள் உக்காந்தவனைப் பாத்து! அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க. கோகிலா போன் பண்ணினா. அவளாச்சும் என்ற பக்கம் பேசுவான்னு எடுத்தா, "அண்ணா, உனக்குப் படம் நல்லா வந்துச்சில்ல, அது போதும் உனக்கு. எங்க வூட்டுல அடுப்பு எரியறதும் எரியாததும் உனக்கெதுக்கு"ன்னு வெச்சுட்டா. கூடப் பொறந்தவ பேசற பேச்சா இது? நான் தூக்கி வளத்தினவ. அவளுக்குக் காதுகுத்தறப்ப அவளை விட நான்தான் எச்சா அழுதேன்னு எங்கம்மா இன்னும் சொல்லும். நல்லது பண்ணப் போனவனை நாலு பேரு மின்னாடி நாறடிச்சா யாருக்குங்க ஆத்திரம் வராது?

அந்த ஆத்திரத்துலதான் போட்டிக்கு அனுப்பினேன். உங்களுக்குத் தெரியலீன்னா ஊருக்குத் தெரியட்டும்னு. "கைவிடப்பட்ட எந்திரங்கள்"னு ஒரு பிரிவு. ஓடற மெஷினா இருக்கக்கூடாது, அது ஒரு ரூலு. எங்க எடுத்ததுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. "கோவையில் மூடிக் கிடக்கும் ஒரு பட்டறை"ன்னு எழுதினேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? அன்னிக்கு நோம்பி லீவு. பட்டறை மூடித்தானே இருந்துச்சு? இதுல பொய் எங்க வந்துச்சு?

சரி, உடுங்க. பரிசுச் சேதி வந்த அன்னிக்கு ஒரு டப்பா மைசூர்பா வாங்கிக் கோகிலா வூட்டுக்குக் குடுத்து உட்டேன். பிரிக்காம திரும்பி வந்துச்சு. மானஸ்தங்களாம். போன வாரம் டீக்கடையில நஞ்சப்பனைப் பாத்தேன். எளைச்சுப்போயிட்டாரு. "திங்கக்கெழம கிரேன் வருதுங்க, பிளேனரை எடைக்குப் போட்டாச்சு. அப்படியே தூக்க முடியாதாம், அங்கயே வெட்டித்தான் எடுக்கோணுமாம்"னாரு. என்னையத் திட்டலை. திட்டியிருக்கலாம். டீக்குக் காசு குடுக்கப் போனா, அவருதும் என்றதும் சேத்து அவரே குடுத்துட்டுப் போயிட்டாரு. இவனுக எல்லாரும் சேந்து என்னைய என்னதான் பண்ணச் சொல்றாங்க?

ஆமாங்க, வர்ற திங்கக்கெழமதான். நாளன்னிக்கு.

இன்னும் கேளுங்க. புதங்கெழம எனக்கு ஒரு போனு. யாருன்னா, தேஷ்பாண்டே! வேற பட்டறை ஒண்ணுக்குக் குடுத்தாங்களாம், அவனுக்கு டேபிள் பத்தலையாம். "அந்தப் பன்னெண்டடி மெஷின் உண்மையில ஓடுமா? ஓடும்னா, போன்ல எடுத்த வீடியோவா இருந்தாலும் பரவால்ல, சனிக்கெழம மத்தியானத்துக்குள்ள அனுப்புங்க"ங்கறாரு. இதோ, வாட்சப்புலயும் போட்டிருக்காரு, பாருங்க.

ஆமா, இன்னிக்குச் சனிக்கெழமதான். எனக்குத் தெரியாதா?

மயில்சாமிகிட்டச் சொல்லலை. ஏன் சொல்லோணும்? பொண்ணு மாப்பிள்ளை எடுக்கறவங்கிட்ட அவனுக்கென்ன வேலை? அவன் வரட்டும். வந்து, மச்சான் நான் பேசினது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அஞ்சு மாசமா ஸ்டுடியோக் கதவு தொறக்கறப்பெல்லாம் அவந்தான்னு திரும்பிப் பாத்து என்ற கழுத்தே சுளுக்கிக்கிச்சு.

வீடியோவா? அது எங்கிட்டயே இருக்குது. அன்னிக்கு மெஷினை நிறுத்தறதுக்கு மின்னாடி, வெளிச்சம் எப்படி உழுவுதுன்னு பாக்க நாப்பது செகண்டு புடிச்சேன். குப்பைங்க அது. கை ஆடுது, ஜன்னல் வெள்ளையா வெந்து கெடக்குது. இந்தாங்க, நீங்களே பாருங்க.

என்னங்க, வாயைத் தொறந்துட்டுப் பாக்கறீங்க? அதே மெஷினுதான். பளபளன்னுதான் இருக்கும், டீசல்ல கழுவினதுன்னு சொன்னேனில்ல? அவருதான் நஞ்சப்பன். நோம்பிக்குப் புதுச் சட்டை. சிரிக்கறாரு பாருங்க, கேமராவைப் பாக்காதீங்கன்னு நாந்தான் அதட்டறேன், கேக்குதா? ஆமா, சந்தனந்தான். பக்கத்துல குங்குமம். மாலயும் ஆடுது. போதுமா?

அனுப்பலாந்தான். யாரு இல்லைன்னா? ஆனா மெஷின் ஓடுதுன்னு ஆச்சுன்னா திருச்சியில கேக்க மாட்டாங்களா? பரிசைப் புடுங்கிக்கிட்டா நீங்களா வந்து குடுப்பீங்க? ஊரே சிரிக்கும். மயில்சாமி சிரிப்பான்.

சிரிக்க மாட்டான். அவனுக்கு அதுவும் தெரியாது.

மணி என்னங்க? பதினொண்ணே முக்காலா? காங்கயம் தாண்டிட்டமா? சரி, சரி, உசுரை எடுக்காதீங்க. வெச்சுட்டேன். இந்தாங்க, தேஷ்பாண்டே பேருல வீடியோவை வெச்சாச்சு, அமுத்தறதுதான் பாக்கி. சித்தெ பொறுங்க. இப்படியே அனுப்பினா என்ற பேரு என்னாவறது? வெளுத்துப்போய்க் கெடக்குது. ரெண்டே நிமிசம், இரும்பை மட்டும் சித்தெ நீலத்துக்குத் தள்ளி, இந்த ஆரஞ்சை ஒரு...

ஏனுங்க! கையை எடுங்க! என்னங்க பண்றீங்க, அமுத்தீட்டீங்களா? அப்படியேவா? கலர்கூடப் போடாமயா? யாரைக் கேட்டுங்க அனுப்பினீங்க? பெரிய மனுசன்னு பாக்கறேன், இல்லீன்னா நடக்கறதே வேற! அழிக்கறேன் இருங்க. அழிச்சுப்போடறேன். அட கெரகமே, பாத்துட்டாரு. ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு.

என்னமோ எழுதறாரு.

"இதை ஏன் முதலிலேயே அனுப்பவில்லை?"ங்கறாரு. "செவ்வாய்க்கிழமை வருகிறோம். மெஷினை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள்."

ஏன் மொதல்லயே அனுப்பலையாம். கேக்கறாரு பாருங்க கேள்வி. என்னத்தைச் சொல்றது இதுக்கு? நீங்க சொல்லுங்க, அனுப்பினவரு நீங்கதானே!

திங்கக்கெழம கிரேன் வந்துரும். வெட்டிப்போட்டா முடிஞ்சுது. யாராச்சும் சொல்லோணும் அவங்கிட்ட. நான் பேச மாட்டேன், ஆமா, சொல்லிப்போட்டேன். நம்பரை அடிச்சுத் தர்றேன், நீங்களே பேசுங்க. கிரேனை வர வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க. செவ்வாக்கெழம பூனாவுல இருந்து ஆளு வருதுன்னு சொல்லுங்க. என்ற பேரை மட்டும் எடுக்காதீங்க. இந்தாங்க, ரிங் போகுது.

எடுத்துட்டானா?

பேசுங்க. ஏங்க என்னையவே பாக்கறீங்க? என்ன சொன்னான்?

"சொல்லுங்க மச்சான்"னா?

அப்படியேவா சொன்னான்? நான் அவன் நம்பரை அன்னிக்கே அழிச்சுப்போட்டேனுங்க. இப்ப மனசுல இருந்ததைத்தான் அடிச்சேன். அவன் என்னன்னா அஞ்சு மாசமா என்ற பேரை அப்படியே... ரோசங்கெட்டவன்! சுத்தமா ரோசங்கெட்டவன்! நாலு பேரு மின்னாடி என்னைய அத்தனை பேச்சுப் பேசிப்போட்டு, ஒரு நம்பரை அழிக்கத் தெரியலை அவனுக்கு...

குடுங்க இங்க போனை.